சர்வரின் மணிக்கூலி டாலஸில் 2 டாலர் 13 சென்ட், சான் பிரான்சிஸ்கோவில் 19 டாலர்: அமெரிக்க உணவகங்களில் டிப்ஸ் எவ்வளவு, ஏன்?

கேள்வி: குடும்பத்தோடு முதன்முறையாக அமெரிக்கா வருகிறோம். டாலஸில் தங்கை வீடு, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ, பிறகு நியூயார்க். ஹோட்டலில் சாப்பிட்டால் பில்லுக்கு மேல் 20 சதவீதம் டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்கிறார் தங்கை வீட்டுக்காரர். அது சட்டமா? சர்வருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளிதானே, நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

பதில்:

சட்டமில்லை. ஆனாலும் தங்கை வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வர் வந்து ஆர்டர் எடுத்து, மேசைக்குக் கொண்டுவந்து வைக்கும் இடமென்றால் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். பஃபே என்றால் 10 போதும். கவுண்டரில் நீங்களே வாங்கிக்கொண்டு போகும் இடத்தில் ஒன்றும் வைக்க வேண்டியதில்லை, பணம் செலுத்தும் கருவியின் திரை என்ன கேட்டாலும் சரி. எங்கேயும் பில்லில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வையுங்கள். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘முதலாளிதானே கொடுக்க வேண்டும்’ என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. டெக்ஸாஸில் சில உணவகங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. அதற்கு முன்பு கொஞ்ச காலம் தட்டு தூக்கியும் இருக்கிறேன்.

அமெரிக்காவின் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009 ஜூலையிலிருந்து அது அப்படியே நிற்கிறது. ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டுமே. மிச்சம் 5 டாலர் 12 சென்டை வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸிலிருந்து வந்ததாகக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம். இதற்கு டிப் கிரெடிட் என்று பெயர். மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் வாங்குகிற எவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். டெக்ஸாஸ் மாநிலம் மத்திய அரசு வைத்த அளவையே வைத்துக்கொண்டிருக்கிறது. அதாவது டாலஸில் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரின் மணிக்கூலி, முதலாளியின் பார்வையில், 2 டாலர் 13 சென்டாக இருக்கலாம்.

‘டிப்ஸ் வரவில்லை என்றால்?’ என்று கேட்பீர்கள். அப்போது குறைகிற பணத்தை முதலாளி போட்டு 7.25 ஆக்க வேண்டும், அது சட்டம். ஆனால் அந்தக் கணக்கு மணிக்கு மணி பார்க்கப்படுவதில்லை, வாரத்துக்குப் பார்க்கப்படுகிறது. செவ்வாய்க்கிழமை மதியம் ஆளே வராமல் மூன்று மணி நேரம் சும்மா நின்றிருந்தாலும், வெள்ளி இரவு நன்றாகக் கிடைத்துவிட்டால் வாரச் சராசரி 7.25-ஐத் தாண்டிவிடும், முதலாளி ஒரு சென்ட் சேர்க்க வேண்டியதில்லை. கடையில் கூட்டம் இல்லாத நேரத்துக்கான செலவில் பெரும்பகுதியைச் சர்வரே சுமக்கிறார் என்று பொருள்.

ஒரு சம்பளச் சீட்டைப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் வாரத்தில் 30 மணி நேரம் வேலை செய்கிறார், 600 டாலர் டிப்ஸ் கிடைக்கிறது என்று வையுங்கள். முதலாளி தருவது 30 பெருக்கல் 2.13, அதாவது 63 டாலர் 90 சென்ட். சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் சேர்த்து 7.65 சதவீதம் பிடிக்க வேண்டும். இது 63.90-க்கு மட்டுமல்ல, டிப்ஸையும் சேர்த்த 663.90-க்குப் பிடிக்கப்படும். அதுவே 50 டாலர் 79 சென்ட். மிச்சம் 13 டாலர் 11 சென்ட். இதற்கு மேல் வருமான வரிப் பிடித்தம் வேறு. கடைசியில் காசோலையில் பூஜ்யம் என்றுதான் வரும். பூஜ்யம் போட்ட சம்பளச் சீட்டு டெக்ஸாஸ் சர்வர்களுக்குப் புதிதல்ல. அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வீட்டு வாடகை, பெட்ரோல், குழந்தையின் பால் எல்லாம் மேசையில் நீங்கள் வைத்துவிட்டுப் போன பணத்திலிருந்துதான். உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதிலும் இதுவே: நீங்கள் வைப்பது சம்பளத்துக்கு மேலான அன்பளிப்பு அல்ல, அதுதான் சம்பளம். முதலாளி கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதியை உங்கள் பில்லின் கடைசிக் கோட்டுக்குத் தள்ளிவிடச் சட்டமே அனுமதி கொடுத்திருக்கிறது.

இப்படி ஒரு ஏற்பாடு எப்படி வந்தது? உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்களை வேலைக்கு எடுத்த தொழில்கள் பல, கூலியை அற்பமாக வைத்து, மிச்சத்தை வாடிக்கையாளரின் கையை எதிர்பார்க்கச் சொன்னன. புல்மன் கம்பெனியின் ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த போர்ட்டர்கள் இதற்குப் பேர்போனவர்கள். 1925-ல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்து, 1937-ல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது. அந்தக் காலத்து அமெரிக்கர்களில் பலருக்கு டிப்ஸ் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; குடியரசு நாட்டில் எஜமான், வேலைக்காரன் பழக்கமா என்று கொதித்தார்கள். 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸ் கொடுப்பதையே தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அத்தனை தடைகளும் போய்விட்டன.

1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது உணவகத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் அதற்குள் வரவேயில்லை. 1966 திருத்தத்தில்தான் ஹோட்டல், உணவகங்களைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போதே, பாதிக் கூலி வரை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கதவையும் திறந்துவைத்தார்கள். 1991-ல் குறைந்தபட்சக் கூலி 4.25 ஆனது, அதில் பாதி, முழுமையாக்கி, 2.13. பிறகு 1996-ல் கூலியை உயர்த்தியபோது டிப்ஸ்காரர்களுக்கான தொகையை மட்டும் அதிலிருந்து பிரித்து 2.13-லேயே நிறுத்திவிட்டார்கள். இன்றும் அதே 2.13. அந்த வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது முப்பது வயது நெருங்கியிருக்கும். முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு கூலி ஒரு சென்ட்கூட ஏறாமல் இருக்க முடிகிறது என்றால், அந்தப் பாரத்தை வேறு யாரோ சுமக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? 10 சதவீதம் போதும் என்றிருந்த வழக்கம் 15 ஆகி, 18 ஆகி, இப்போது 20-ல் வந்து நிற்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் அமெரிக்கா முழுக்க டாலஸ் அல்ல. நீங்கள் போகும் மூன்று ஊர்களும் மூன்று விதம். கலிபோர்னியா, ஓரிகான், வாஷிங்டன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட்டே கிடையாது. அங்கே முதலாளி மாநிலத்தின் முழுக் கூலியையும் கொடுக்க வேண்டும், டிப்ஸ் அதற்கு மேல். 2025-ல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி 16 டாலர் 50 சென்ட். சான் பிரான்சிஸ்கோ நகரம் தனியாக நிர்ணயித்தது அந்த ஜூலையிலிருந்து 19 டாலர் 18 சென்ட். நியூயார்க் நகரம் நடுவில் நிற்கிறது: அதே ஆண்டு அங்கே மொத்தக் கூலி 16.50, அதில் உணவகச் சர்வருக்கு முதலாளி ரொக்கமாகத் தர வேண்டியது 11 டாலர், மீதி டிப்ஸ் கணக்கில்.

அப்படியானால் சான் பிரான்சிஸ்கோவில் குறைத்து வைக்கலாமா? நியாயப்படி பார்த்தால் கேட்கத்தக்க கேள்விதான். வழக்கப்படி பார்த்தால் அங்கேயும் அதே 18, 20. டாலஸ்காரரைவிட ஒன்பது மடங்கு கூலி வாங்குகிறாரே என்று எந்த வாடிக்கையாளரும் கணக்குப் போட்டுக் குறைப்பதில்லை. அந்த ஊர் வாடகையை நினைத்தால் 19 டாலர் பெரிய காசும் இல்லை. நான் அங்கே போனால் 18 வைக்கிறேன், 15 வைப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். டாலஸில் 15 வைப்பவரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசத் தோன்றும். சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு விஷயம் கவனியுங்கள்: பில்லின் அடியில் நகரச் சட்டங்களுக்கான கட்டணம் என்று சில சதவீதம் தனியாக ஏற்றியிருப்பார்கள். ஊழியர்களின் மருத்துவச் செலவு போன்றவற்றுக்காக என்று சொல்வார்கள். அது டிப்ஸ் இல்லை, சர்வர் கைக்கும் போகாது. மறைமுகக் கட்டணங்களுக்கு எதிராகக் கலிபோர்னியா சட்டம் கொண்டுவந்தபோது, மெனுவில் தெளிவாகப் போட்டால் சரி என்று 2024-ல் உணவகங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த 2.13 முறையை ஒழித்துவிடலாமே என்று முயற்சி நடக்காமல் இல்லை. தலைநகர் வாஷிங்டனில் 2018-ல் வாக்காளர்கள் ஒழிக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு நகர மன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. 2022-ல் வாக்காளர்கள் மறுபடி ஒழிக்கச் சொன்னார்கள். 2025-ல் மன்றம் மறுபடி கையை வைத்தது. சிகாகோ 2024 ஜூலையிலிருந்து டிப்ஸ்காரர்களின் கூலியைப் படிப்படியாக ஏற்றத் தொடங்கியது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் இதே கேள்வி வாக்குக்கு வந்தபோது மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேண்டாம் என்று பிரசாரம் செய்தவர்களில் முதலாளிகள் மட்டுமல்ல, சர்வர்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புரியாது. நல்ல உணவகத்தில் வெள்ளி, சனி இரவு வேலை பார்க்கும் சர்வர் மணிக்கு 40 டாலர் பார்க்கலாம். முழுக் கூலி வந்து டிப்ஸ் குறைந்தால் அவருக்கு நஷ்டம். நெடுஞ்சாலை ஓரத்தில் காலை ஐந்து மணிக்கு முட்டையும் காபியும் பரிமாறுகிற அம்மாவுக்கு அந்தக் கதை இல்லை. அவர் மேசையின் பில் 14 டாலர். 20 சதவீதமே வைத்தாலும் 2 டாலர் 80 சென்ட். வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சதவீதம் என்ற முறையின் கோளாறு இது: 30 டாலர் ஒயினைத் திறந்தாலும் 300 டாலர் ஒயினைத் திறந்தாலும் கார்க் ஒன்றுதான். அதனால்தான் மலிவான காலைச் சாப்பாட்டுக் கடைகளில் நான் சதவீதம் பார்ப்பதில்லை. ஆளுக்கு இரண்டு மூன்று டாலருக்குக் குறையாமல் வைத்துவிடுவேன்.

சரி, வைத்த டிப்ஸ் முழுக்க அவருக்கே போகிறதா? இதுதான் வருகிறவர்கள் பலருக்குத் தெரியாத இடம். பெரும்பாலான உணவகங்களில் சர்வர் தன் டிப்ஸில் ஒரு பங்கை மேசை துடைப்பவருக்கும், பாரில் நிற்பவருக்கும், சமையலறையிலிருந்து தட்டைக் கொண்டுவருபவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். டிப்-அவுட் என்பார்கள். பல இடங்களில் இந்தப் பங்கு, கிடைத்த டிப்ஸை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. விற்பனையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விற்பனையில் 4 சதவீதம் என்று கடையில் விதி இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 80 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வைக்காமல் எழுந்து போகிறீர்கள். அன்றைய கணக்கு முடிக்கும்போது அந்த 80 டாலருக்கான 3 டாலர் 20 சென்டை அவர் மற்ற மேசைகளில் கிடைத்த டிப்ஸிலிருந்து கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பரிமாறிய நேரத்துக்குக் கிட்டத்தட்டக் கூலியும் இல்லை, கைக்காசும் போகிறது. குறைந்தபட்சக் கூலிக்குள் கைவைத்து இப்படிப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பிற மேசைகளின் டிப்ஸிலிருந்து பிடிப்பதற்குத் தடையில்லை. ‘பிடிக்கவில்லை, அதனால் பூஜ்யம்’ என்று வைப்பவர்கள் தாங்கள் நடுநிலையாக இருந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை, சர்வரின் பையிலிருந்து எடுத்துவிட்டுப் போகிறார்கள்.

முதலாளியும் மேலாளரும் டிப்ஸில் பங்கு எடுக்கக் கூடாது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். சமையல்காரர்களுக்குப் பங்கு தரலாம், ஆனால் எல்லோருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கும் கடையில் மட்டும்தான், 2.13 கொடுத்துவிட்டு சர்வரின் டிப்ஸைச் சமையலறைக்கும் பிரிப்பது கூடாது. இங்கே நம்மவர் நடத்தும் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாலஸ் பக்கத்து இர்விங்கிலும் நியூ ஜெர்சியின் எடிசனிலும் நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவிலும் தோசை கிடைக்காத தெரு இல்லை. பெரும்பாலும் ஒழுங்காக நடத்துகிறார்கள். ஆனால் கார்டில் வைத்த டிப்ஸைக் கல்லாவோடு சேர்த்துக்கொண்டு, மாதக் கடைசியில் பையன்களுக்கு ஏதோ ஒரு தொகையைக் கொடுக்கிற கடையின் கணக்குப் புத்தகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலையை ஏற்கவில்லை. சந்தேகமாக இருந்தால், ‘தம்பி, கார்டுல வைக்கற டிப்ஸ் உங்க கைக்கு வருதா?’ என்று தமிழிலேயே மெதுவாகக் கேட்டுவிடுங்கள். தயங்கினார் என்றால் ரொக்கமாக அவர் கையில் கொடுத்துவிடலாம்.

இனி நடைமுறை. சாப்பிட்டு முடித்ததும் பில் வரும். இப்போது பல இடங்களில் சர்வர் கையடக்கக் கருவியை நீட்டிவிடுகிறார்; பழைய முறையில், கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். நம் ஊர்ப் பழக்கத்தில் கார்டு கண்ணை விட்டு மறைவது பயமாக இருக்கும், பயப்பட வேண்டாம், இங்கே அது சாதாரணம். திரும்பி வரும்போது இரண்டு சீட்டு இருக்கும். ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடைச் சீட்டில் டிப்ஸ் என்ற கோட்டில் தொகை, அடுத்த கோட்டில் மொத்தம், அதன் கீழ் கையெழுத்து. கார்டில் முதலில் பில் தொகை மட்டும் பிடிக்கப்பட்டு, டிப்ஸ் பிறகு சேரும். கைபேசியில் வரும் முதல் தகவலும் மாதக் கணக்கில் வரும் தொகையும் வேறாக இருப்பது அதனால்தான். ரொக்கமாக டிப்ஸ் வைக்கிறீர்கள் என்றால் அந்தக் கோட்டைக் காலியாக விடாமல் ‘கேஷ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, மொத்தத்தையும் எழுதிவிடுங்கள். உங்கள் சீட்டை ஒரு மாதம் வைத்திருங்கள்.

எதன் மேல் சதவீதம்? வரிக்கு முந்தைய தொகையின் மேல் போதும். டாலஸில் விற்பனை வரி 8.25 சதவீதம். 64 டாலர் சாப்பாட்டுக்கு 5.28 வரி, மொத்தம் 69.28. அறுபத்து நான்கில் 20 சதவீதம் 12.80. கருவி காட்டும் தொகை பல சமயம் 13.86 என்றிருக்கும், அது வரிக்கும் சேர்த்துப் போட்டது. ஒரு டாலர் வித்தியாசம், பெரிதில்லை. தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான். நியூயார்க் நகரத்தில் வரி 8.875 சதவீதம், அதை இரண்டால் பெருக்கினால் பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஊர்க்காரர்கள் மனக்கணக்காக வரியை இரட்டித்து வைத்துவிடுவதைப் பார்க்கலாம். கூப்பன், தள்ளுபடி எதையாவது பயன்படுத்தினால் தள்ளுபடிக்கு முந்தைய விலையில் கணக்கிடுங்கள். சலுகை கொடுத்தது கடை, சர்வரின் வேலை குறையவில்லை.

குடும்பத்தோடு போகிறீர்கள், தங்கை வீட்டாரும் சேர்ந்தால் ஆறு எட்டுப் பேர் ஆவீர்கள். இந்த எண்ணிக்கைக்குப் பல உணவகங்கள் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாமாகவே பில்லில் ஏற்றிவிடும். அதற்குக் கீழேயும் டிப்ஸ் என்று ஒரு காலிக் கோடு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு 20 சதவீதம் எழுதி, 40 சதவீதம் கொடுத்துவிட்டு வெளியே வந்த விருந்தாளிகளின் கதை இங்கே எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. தானாக ஏற்றும் இந்தத் தொகையை வருமான வரித்துறை 2014-லிருந்து டிப்ஸாகக் கருதுவதில்லை, கடையின் வருமானமாகவும் அதிலிருந்து கொடுப்பதைச் சம்பளமாகவும்தான் கருதுகிறது. அதனால் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று போட்டிருந்தால் அது முழுக்க சர்வருக்குப் போகும் என்று உறுதியில்லை. ‘இது உங்களுக்கு வருமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். இந்தியாவில் இதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னதையும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்ததையும் நினைவில் வைத்துக்கொண்டு இங்கே வாதாடாதீர்கள். மெனுவில் முன்கூட்டியே எழுதியிருந்தால் இங்கே கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கவுண்டர் திரை விவகாரத்தில் என் கருத்து கறார். பணம் செலுத்தும் கருவிக் கம்பெனிகள் டிப்ஸ் கேட்கும் திரையைச் சுலபமாக்கிக் கொடுத்துவிட்டதால், பாட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவர்கூட 18, 20, 25 என்று திருப்பிக் காட்டுகிறார். பின்னால் வரிசை நிற்கிறது, எதிரே அவர் முகம் பார்க்கிறார், நமக்குக் கை தானாகவே நடு எண்ணில் போய்விடும். அதற்காகவே அமைத்த திரை அது. பியூ ஆய்வு மையம் 2023-ல் கேட்டபோது, ஐந்து வருடத்துக்கு முன்பைவிட இப்போது அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள் என்று 72 சதவீத அமெரிக்கர்கள் சொன்னார்கள். ஆக, எரிச்சல் உங்களுக்கு மட்டுமில்லை. கவுண்டரில் நிற்பவருக்குப் பெரும்பாலும் முழுக் குறைந்தபட்சக் கூலி வருகிறது, 2.13 அல்ல. ‘நோ டிப்’ என்ற பொத்தானை அழுத்துங்கள், குற்ற உணர்ச்சி தேவையில்லை. தினமும் போகிற காபிக் கடை என்றால் ஒரு டாலர் போடுங்கள், பெயர் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருபவர் வேறு. அவர் பெட்ரோல் அவர் செலவு. 15 சதவீதம், குறைந்தது நான்கைந்து டாலர் கொடுத்துவிடுங்கள். மழை, பனி என்றால் கூடுதலாக.

சேவை மோசமாக இருந்தால்? முதலில் எது யார் தவறு என்று பாருங்கள். சாப்பாடு தாமதமானால் அது பெரும்பாலும் சமையலறை. உப்பு அதிகம் என்றால் அதுவும் சமையலறை. சர்வர் அலட்சியமாக இருந்தால் 15-க்கு இறக்குங்கள், இன்னும் மோசமென்றால் 10. மேலாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு இறக்குவது நல்லது. பேசாமல் பூஜ்யம் வைத்தால் அவர் தன் தவறை நினைக்க மாட்டார், ‘இந்தியர்களே இப்படித்தான்’ என்று நினைப்பார். கசப்பான விஷயம்தான், சொல்லாமல் விட முடியவில்லை: எந்த இனத்தவர் எவ்வளவு வைப்பார்கள் என்று சர்வர்கள் பின்கட்டில் பேசிக்கொள்வதுண்டு, நம்மைப் பற்றிய பேச்சு புகழ்ச்சியாக இருப்பதில்லை. அந்த எண்ணத்தோடு அடுத்த மேசைக்கு வருவதால் அடுத்து வரும் இந்தியக் குடும்பத்துக்குத் தண்ணீர்கூடத் தாமதமாக வருகிறது, அவர்கள் கோபத்தில் குறைத்து வைக்கிறார்கள்.

நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸ் என்பதே பெரும்பாலும் பேச்சளவில்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதானது என்பது அவர் ஆய்வுகளின் முடிவு. மக்கள் தங்கள் வழக்கமான சதவீதத்தைத்தான் வைக்கிறார்கள். அதை நகர்த்துவது வேறு விஷயங்கள். 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், பில்லின் பின்பக்கம் சிரித்த முகம் வரைந்து கொடுத்தபோது பெண் சர்வருக்கு டிப்ஸ் ஏறியது, ஆண் சர்வருக்கு ஏறவில்லை. கறுப்பினச் சர்வர்களுக்குக் குறைவாக விழுவதையும் லின்னும் மற்றவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு முதலாளி நிறத்தையும் முகத்தையும் பார்த்துச் சம்பளம் நிர்ணயித்தால் வழக்குப் போடலாம். வாடிக்கையாளர்கள் செய்தால் யார் மேல் போடுவது?

முறையை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் பெயர்பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயர் 2015-ல் தன் உணவகங்களில் டிப்ஸை ஒழித்து, விலையை ஏற்றி, அதிலிருந்து எல்லோருக்கும் சம்பளம் கொடுக்க முயன்றார். சமையலறைக்காரர்களுக்கு வருமானம் கூட வேண்டும் என்பதும் ஒரு நோக்கம். பழைய சர்வர்கள் பலர் அதிகம் கிடைக்கும் இடம் தேடிப் போய்விட்டார்கள். பக்கத்துக் கடையில் 25 டாலர் என்று எழுதியிருப்பதை இவர் 30 என்று எழுத வேண்டும். டிப்ஸையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்றாலும் மெனுவைப் பார்க்கிற கண் அப்படிப் பார்ப்பதில்லை. 2020 ஜூலையில், கொரோனாவால் மூடிய கடைகளைத் திறக்கும்போது, டிப்ஸை மறுபடி கொண்டுவந்துவிட்டார். நேர்மையும் பணமும் பெயரும் உள்ளவராலேயே தனியாளாகச் செய்ய முடியவில்லை என்றால், சட்டம் எல்லோருக்கும் சேர்த்து மாறினாலொழிய நடக்காது என்பது என் முடிவு. இப்போது காற்று அந்தப் பக்கம் வீசவுமில்லை: 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம், 2028 வரை வருடத்துக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு கொடுத்திருக்கிறது. சர்வர்களுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன 7.65 சதவீதப் பிடித்தம் அப்படியே தொடர்கிறது. வருமான வரியே கட்டும் அளவு சம்பாதிக்காத காலைக் கடை அம்மாவுக்கு இதில் எதுவுமில்லை. 2.13-ஐயும் யாரும் தொடவில்லை.

உங்கள் பயணத்துக்கு வருவோம். மெனுவில் பார்க்கும் விலையோடு 30 சதவீதம் சேர்த்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள், வரியும் டிப்ஸும் அதற்குள் அடங்கும். ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள். 12 டாலர் டிப்ஸை ரூபாயாக்கினால் ஊரில் நான்கு பேர் சாப்பிட்டிருக்கலாமே என்று தோன்றும், சாப்பாடு இறங்காது. ஊரில் பில் தட்டில் சோம்போடு பத்து இருபது ரூபாய் வைக்கும் பழக்கத்தில் இங்கே சில்லறையை வைத்துவிட்டு எழாதீர்கள். ஒன்றும் வைக்காததைவிட நாணயத்தை விட்டுவிட்டுப் போவதை இங்கே அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். கையில் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் கொஞ்சம் வைத்திருங்கள், பஃபேக்கும் பெட்டி தூக்குபவருக்கும் தங்கும் அறையைச் சுத்தம் செய்பவருக்கும் உதவும். அறைக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து டாலர், தினமும் காலையில் தலையணைப் பக்கம் வையுங்கள். கடைசி நாள் மொத்தமாக வைத்தால், முதல் நாட்களில் சுத்தம் செய்தவர் அன்று விடுப்பில் இருக்கலாம். தங்கை வீட்டுக்காரர் பில்லைக் கொடுக்க முந்திக்கொண்டால், ‘டிப்ஸாவது நான் வைக்கிறேன் மாப்பிள்ளை’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று அவரிடம் கேட்க வேண்டியிருக்காது.